ஆரோக்கியப்பச்சையும் வடநெம்மேலிப் பானையும்

பாரம்பரிய மருத்துவம் பற்றிப் பேச அழைத்தபோது, சித்தமா அலோபதியா என்று நான் வழக்காடப் போகிறேன் எனச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினர் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. ஒரு மருந்து கேட்குமா கேட்காதா என்பதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். எந்த மரபில் வந்த மருந்தானாலும் சோதனை ஒன்றுதான். அதைவிட வில்லங்கமான கேள்வி, காட்டில் வாழ்பவரின் அறிவு மருந்தாகி நகரத்துக்கு வரும்போது அவர் எங்கே நிற்கிறார் என்பது.

1987ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர்கள் சிலர் அகத்தியமலைக் காட்டுக்குள் ஏறினார்கள். வழிகாட்ட வந்தவர்கள் காணிக்காரர்கள் எனப்படும் காணிப் பழங்குடியினர். ஏற்றத்தில் படித்தவர்களுக்கு நாக்குத் தள்ளியது. காணிகளோ இடையிடையே ஏதோ சிறு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டால் பதில் இல்லை. வெளியாளிடம் சொல்லக்கூடாத சேதி அது. விடாமல் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை, தாவரவியலார் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் என்பார்கள்.

புஷ்பாங்கதன் பின்னாளில் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானார். காணிகள் தின்றது காயை. ஆய்வகம் எடுத்துக்கொண்டது இலையை. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி மூன்றையும் அதோடு கூட்டி 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். மலையில் மென்றதும் கடையில் விற்றதும் ஒரே பொருள் அல்ல. விளம்பரம் இதைச் சொல்லாது என்பதால் நான் சொல்லிவைக்கிறேன்.

1995ல் கோவையின் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், அதன்மேல் 2 சதவீத ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. பல்லுயிர்ச் சட்டம் இந்தியாவில் 2002ல்தான் வந்தது. சட்டம் கேட்காதபோதே பாதியைக் கொடுத்தார்கள். அதற்குரிய மதிப்பைக் குறைக்க மாட்டேன். உலக மேடைகளில் இதை முன்மாதிரி என்று பேசினார்கள்.

காணிகளிடையே வைத்தியம் பார்ப்பவருக்குப் பிலாத்தி என்று பெயர். எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்காதீர்கள் என்று விதுரா பகுதிப் பிலாத்திகள் சிலர் 1995லேயே கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். செடியைக் காட்டிய கைகள் வேறு, நாடி பார்த்து மருந்து கொடுத்த கைகள் வேறு. செடியைக் காட்டியவர்கள் மட்டும் தலையசைத்தால் ஒரு குடியே சம்மதித்ததாகுமா? அந்தக் கடிதத்தைப் பற்றி மேடைகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அடுத்து வந்தது செடிச் சிக்கல். ஈரமும் நிழலும் உள்ள காட்டில்தான் அது செழிக்கும். காணிக் குடும்பங்கள் பயிரிட்டு இலை விற்கத் தொடங்கியபோது வனத்துறை குறுக்கே நின்றது. செடி அடியோடு அழிந்துவிடும் என்ற அச்சம். கடத்தல்காரர்கள் பிடுங்கிப் போனதும் உண்மைதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: கோவையில் மருந்து செய்ய உரிமம் இருந்தது, மலையில் இலை பறிக்க அனுமதி இருக்கவில்லை. கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. இந்தக் கதையில் வில்லன் என்று ஒருவரைக் கைகாட்ட எனக்கு வரவில்லை. பங்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பங்கு விளைய வேண்டிய நிலமும் செடியும் பங்குதாரர் வசம் இல்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கிறது வடநெம்மேலி. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினர் பிழைப்பில்லாமல் தவித்தார்கள். 1978ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மண்பானைகள் வரிசையாக இருக்கும், வாயில் துணி கட்டி. உள்ளே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தலையைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க விடுவார்கள், நஞ்சு சொட்டும். சில வாரம் கழிந்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளமாக ஒரு வெட்டு வெட்டிக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் தெரிய வேண்டுமல்லவா? உலர்த்திய நஞ்சு மருந்து ஆலைக்குப் போய், குதிரையின் உடலில் நஞ்சுமுறிவை உண்டாக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஊசி மருந்தாக வந்து சேர்கிறது.

இங்கும் அனுமதி தருவது வனத்துறைதான். ஆண்டுக்கு எத்தனை பாம்பு என்று கணக்கு வைப்பதும் அதுதான். ஆனால் எலிவளை வாயில் மண் கிடக்கும் விதத்தைப் பார்த்து உள்ளே ஆள் இருக்கிறதா என்று சொல்லும் கண்ணை யாரும் பொடியாக்கி டப்பியில் அடைக்க முடியாது. பாம்பு வேண்டுமென்றால் இருளரைத்தான் கூப்பிட வேண்டும். 2023ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கூலி போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். இன்னொரு குறையும் உண்டு. ஒரே இனப் பாம்பின் நஞ்சே ஊருக்கு ஊர் மாறும். இந்தப் பகுதிப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து வடக்கே சில இடங்களில் அவ்வளவாக எடுபடுவதில்லை. அங்கங்கே இத்தகைய சங்கங்கள் வேண்டும்.

காணிகளுக்கு என்ன வழி? 2006 வன உரிமைச் சட்டம் தன் 3(1)(k) உட்பிரிவில், பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் அப்போதே சேர்த்துக் கொடுத்திருந்தால் ஆரோக்கியப்பச்சையின் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். இதற்கிடையே பல்லுயிர்ச் சட்டத்தில் 2023ல் வந்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பலன்பகிர்விலிருந்து விலக்குத் தந்துவிட்டது. ஏட்டில் ஏறினால் பங்கு இல்லை என்று தெரிந்த பிலாத்தி இனி எதற்காக வாய் திறக்க வேண்டும்?

என்னை அழைத்த அறக்கட்டளையினரிடம் ஒரு விண்ணப்பம். பாபநாசத்துக்கு மேலே காரையாரிலும் சேர்வலாற்றிலும் காணிகள் இருக்கிறார்கள். அடுத்த சொற்பொழிவுக்கு அங்கிருந்து வைத்தியம் தெரிந்த ஒரு பெரியவரை அழையுங்கள். எனக்குத் தந்த மதிப்பூதியத்தை அவருக்கும் தாருங்கள். மலையிறங்கி வந்து திரும்பும் நாட்களின் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். எதைப் பேசுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.