யார் இறக்கினது?

(வாணியம்பாடியில் இளம் எழுத்தாளர்களிடம் மர்மநாவல் எழுதுகிறவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குற பாக்கெட் நாவல் எழுதுறவன் நான். சிறுபத்திரிகைத் தோழர்கள் என்னைக் கூப்பிட்டு, கதையில் உரையாடல் பற்றிப் பேசச் சொன்னதே ஒரு மர்மம்தான்.

மர்மக்கதைக்கு ஒரே கேள்வி: யார் செய்தது? நம்ம தோல் பகுதியில் கழிவுத் தொட்டியில் இறங்கிச் சாகிறவர்களின் செய்தியைப் பாருங்கள். 'விஷவாயு தாக்கிப் பலி.' கொன்றது வாயுவாம்! இறங்கச் சொன்னவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. அவனை உள்ளே இழுத்து வருவது உரையாடலின் வேலை.

புதுசா எழுத வருகிறவர்கள், செத்தவரின் மனைவியை இப்படிப் பேச வைக்கிறார்கள்: "என் கணவர் நேற்று இரவு தொட்டியைச் சுத்தம் செய்யச் சென்றார்." இது அந்தம்மா பேச்சு இல்லை. ஸ்டேஷன் ரைட்டர் எழுதுற வாக்குமூலம். நாமும் ரைட்டர்தான், ஆனா அந்த ரைட்டர் இல்லை. நான் இப்படி எழுதுவேன்:

"எத்தினி மணிக்கும்மா போனான்?"

"அவரு போவலீங்க சார். ஆளு வந்து இட்டுனு போனாங்க."

"யாரு?"

அந்தம்மா மேஸ்திரியின் செருப்பைப் பார்த்தாள்.

"இருட்டு சார். தெரியல."

'போனான்' என்கிறார் இன்ஸ்பெக்டர். 'அவரு' என்கிறாள் அவள். அந்த ஒரு சொல்லில் எதிர்ப்பு இருக்கிறது. 'போவலீங்க' என்பதில் உண்மை இருக்கிறது. 'தெரியல' என்பதில் பயம் இருக்கிறது. துப்பு எது? அந்தச் செருப்பு.

'இன்னா', 'கீது' என்று தூவிவிட்டால் மக்கள் பேச்சு ஆகிவிடாது. மேஸ்திரிக்கு முதலாளியிடம் ஒரு நாக்கு, நம்மிடம் வேறு நாக்கு. யார் யாரை 'டா' போடுகிறான், யார் 'ங்க' சேர்க்கிறாள் என்பதிலேயே சாதி பேசுகிறது. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது, செய்தது யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஏன் என்பதுதான், ஒளிந்து திரியும் அய்யாவும் மகனும் பேசப் பேச வெளியே வருகிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் கதை சொல்கிறவரே மக்கள் பேச்சில் சொல்கிறார். நாமோ மேற்கோள் குறிக்குள் மட்டும் சனங்களை விட்டுவிட்டு, வெளியே நின்று செந்தமிழில் விளக்குகிறோம். அதுவும் ஒரு ஊர்-சேரிதான்.

இன்னொன்று. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். அவர்கள் நம் கதைக்குள் வந்தால் என்ன மொழி பேசுவார்கள்? அரைகுறைத் தமிழைக் கிண்டலுக்கு வைக்காதீர்கள். ஊர்ப் பேரைச் சொல்லி அழுகிறவனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இன்னைக்கு ராத்திரி ஷிப்ட் விடுற நேரத்துக்கு டீக்கடையில உட்காருங்க. பேசுறதைக் கேளுங்க. பேச ஆரம்பிச்சு, யாரோ வந்ததும் நிறுத்துறதையும் கேளுங்க. அடுத்த முறை வரும்போது, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க.