களர் நிலத்துக்கு ஓராண்டுத் தவணை



வீட்டுக்குப் பின்னால் ஒரு மாதுளையோ களாச்செடியோ வைக்கலாமென்று குழி தோண்டுகிறோம். சில ஊர்களில் மண்வெட்டி சுண்ணாம்புக் கல்லில் முட்டும். சில ஊர்களில் நிலம் காய்ந்ததும் கல்லாய் இறுகும். "இது களர், இங்கே எதுவும் வராது" என்று சொல்லிவிடுவது வழக்கம். வள்ளுவரும் கல்லாதவருக்குக் களர் நிலத்தைத்தான் உவமையாகச் சொன்னார்.

ஆனால் வேளாண்மை அறிந்தவர்கள் அத்துடன் விடுவதில்லை. மண்ணின் கார அமில நிலை 7 என்றால் நடுநிலை. அது 8-ஐத் தாண்டும் மண்ணில் பல செடிகளின் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது. மண்ணில் இரும்பே இல்லையா? பெரும்பாலும் இருக்கிறது. காரத்தில் கட்டுண்டு கிடப்பதால் வேருக்கு எட்டவில்லை.

ஆகவே மக்கிய தொழுவுரம் இடுகிறார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறார்கள். சோடியம் மிகுந்த களரானால், மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் தேக்கி வடிக்கிறார்கள். அந்த மண்ணையும் தாங்கி வளரும் இலந்தை, களா, மாதுளையை நடுகிறார்கள். ஒரு மழையில் முடிகிற வேலையல்ல இது.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமரத்தை நினைப்போம். 3 ஆண்டுகள் கனி தேடி ஏமாந்த உரிமையாளர் அதை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். மரத்தின் குறையை அவர் மறைக்கவில்லை. மரத்தை ஏசவும் இல்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடும் வேலையைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

நம் பங்கிலும், "அவன் களர்" என்று கைவிடப்பட்டவர்கள் உண்டு: குடியை விட முடியாத அண்ணன், பத்தாம் வகுப்பில் தவறிய பையன், பல ஆண்டுகளாகப் பூசைக்கு வராத அண்டை வீட்டார். அவர்களுக்குள் இறைவன் வைத்த நன்மை இல்லாமற் போகவில்லை, கட்டுண்டு கிடக்கிறது. அவர்களை ஏசுவது, சுண்ணாம்பு மண்ணில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டுவதாகும்.

அந்த மரம் காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை. தோட்டக்காரர் கேட்டது உறுதிமொழியை அல்ல, காலத்தை. இந்த வாரம் அப்படி ஒருவர் வீட்டுக்குப் போய், அறிவுரை சொல்லாமல் சற்றுநேரம் உட்கார்ந்து வருவோம். கொத்துவதும் எருவிடுவதும் நம் பணி. விளைச்சல் தருபவர் இறைவன். ஆமென்.