தட்டையாகத் தெரியும் வீழ்ச்சி

கணிதத்தாரும் உயிரியலாரும் பாடசாலை ஆசிரியர்களும் ஒன்றுகூடும் கருத்தரங்கு இது.

உயிரினக் குடித்தொகையின் வீழ்ச்சியை எப்படி வரைவது, வரைந்ததை எப்படி வாசிப்பது என்பதே இன்றைய பொருள். ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் குறையும் ஒன்றைச் சாதாரண வரைபுத் தாளில் மட்டும் வரைந்தால், ஆபத்து முற்றிய ஆண்டுகளே அமைதியான ஆண்டுகளாகத் தோன்றும். இதை நிறுவ இந்தியாவின் வெண்முதுகுப் பாறு கழுகை எடுத்துக்கொள்கிறேன்.

பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுகள் குறைந்து வருவதை 1990-களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்தார். பின்னர், அவரும் உடனாய்வாளர்களும் வாகனங்களில் ஒரே சாலைகளில் மீண்டும் மீண்டும் சென்று எண்ணினார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்துவிட்டது என்பது அக்கணக்கெடுப்புகளின் முடிவு.

1992-இல் 1000 எனக் கொண்டால் 2007-இல் 1. அதாவது ஏறத்தாழப் பத்து முறை பாதியாகியிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் அரைவாழ்வுக் காலம் ஒன்றரை ஆண்டு. ஆண்டுச் சராசரி இழப்பு 37 சதவீதம். இந்தச் சராசரி வீதத்திலேயே, ஆயிரத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் உயரமாக வைத்து வரைந்து பாருங்கள். முதல் ஒன்றரை ஆண்டில் கோடு ஐந்து சென்ரிமீற்றர் இறங்கும். ஏழு முறை பாதியான பிறகு எஞ்சும் எட்டுக்கு உயரம் 0.8 மில்லிமீற்றர். எட்டு ஒன்றாகும் கதை முழுவதும் பென்சில் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். பார்ப்பவர் வீழ்ச்சி ஓய்ந்துவிட்டது என்பார். உண்மையில் 2000 முதல் 2007 வரை ஆண்டு இழப்பு 43.9 சதவீதம், முழுக்காலச் சராசரியைவிட அதிகம். சாதாரணத் தாளில் படுத்துக்கிடக்கும் அதே பகுதி, மடக்கை அச்சில் முன்னிலும் செங்குத்தாக இறங்கும். மடக்கை அச்சில் ஒவ்வொரு பாதியாதலும் ஒரே உயரம். ஆயிரம் ஐந்நூறாவதற்கும் இரண்டு ஒன்றாவதற்கும் அங்கே வேறுபாடு இல்லை.

மடக்கை அச்சில் கோட்டின் சரிவுக்கு, அதாவது படித்திறனுக்கு, இன்னொரு பயனும் உண்டு. முதலில் பலர் நோயைச் சந்தேகித்தனர். நெருக்கத்தால் பரவும் நோயாயின் கூட்டம் ஐதாக ஐதாக வேகமும் தளரும் என எதிர்பார்க்கலாம். இங்கே அப்படித் தளரவில்லை. ஆனால் கோடு காரணத்தின் பெயரைச் சொல்லாது. பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த லின்ட்சே ஓக்ஸ் குழுவினர்தான் 2004-இல் விடையைச் சொன்னார்கள்: மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி. மருந்தேறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் நச்சு இருந்தாலே இவ்வளவு வீழ்ச்சிக்கும் போதும் என மாதிரிக் கணிப்புகள் காட்டின. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தன. அதன்பின் வீழ்ச்சியின் வேகம் தணிந்தது.

இலங்கையில் பாறுகள் நிலையாக வாழ்வதில்லை. நமக்கு யானை இருக்கிறது. 1993 கணக்கெடுப்பில் 1,967, 2011-இல் 5,879. இரு புள்ளிகளையும் இணைத்தால் ஆண்டுக்கு ஆறு சதவீதத்துக்கும் மேலான வளர்ச்சி கிடைக்கும். இருபத்திரண்டு மாதம் கருச்சுமக்கும் விலங்கு அவ்வளவு வேகமாகப் பெருகுமா? 1993-இல் போர் காரணமாக வடக்கும் கிழக்கும் எண்ணப்படவில்லை என்பதே பெரிய விளக்கம். அங்கிருந்த யானைகள் கணக்கில் மட்டுமே இல்லை, காட்டில் இருந்தன. ஒரே இடத்தை, ஒரே முறையில் எண்ணாத புள்ளிகளுக்கிடையே கோடு வரையும் உரிமை நமக்கில்லை.

சரியாக எண்ணினாலும் சமன்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. உயர்தர மாணவர் அரைவாழ்வுக் காலத்தைக் கதிர்த்தொழிற்பாட்டில் படிக்கிறார். அணுவுக்கு அயலில் எத்தனை அணு எஞ்சியிருக்கிறது என்பது பொருட்டல்ல. விலங்குக்கு அது பொருட்டு: எண்ணிக்கை மிகக் குறைந்தால் துணை கிடைக்காது. சமன்பாட்டின் வளைகோடு பூச்சியத்தைத் தொடுவதேயில்லை, இனங்களோ தொட்டுவிடுகின்றன. பூச்சியத்துக்கு மடக்கையும் இல்லை. ஆகவே கடைசிச் சில புள்ளிகளில் மாதிரியை நம்பாமல் களத்துக்குப் போகவேண்டும்.

இன்றைய அமர்வுகளிடம் மூன்றை எதிர்பார்க்கிறேன். ஒவ்வொரு வீழ்ச்சி வரைபையும் சாதாரண அச்சிலும் மடக்கை அச்சிலும் அருகருகே காட்டுங்கள். ஒவ்வொரு புள்ளியோடும் எங்கே, எப்படி எண்ணினார்கள் என்பதை எழுதுங்கள். வகுப்பறைப் பயிற்சிக்குக் கற்பனை எண்களை விட்டு, இப்பிராந்தியத்தின் மெய்யான கணக்கெடுப்புகளைக் கொடுங்கள். பாறுகளின் வீழ்ச்சி தொடங்கியதற்கும் காரணம் தெரிந்ததற்கும் இடையே பத்தாண்டுக்கு மேல் கடந்தது. அடுத்த வீழ்ச்சியில் அந்த இடைவெளி குறையவேண்டுமானால், படித்திறனை வாசிக்கத் தெரிந்தவர்கள் கணிதத் துறைக்கு வெளியிலும் வேண்டும். அவர்களை உருவாக்கும் வேலை ஆசிரியர்களாகிய உங்களுடையது. கருத்தரங்கைத் தொடக்கிவைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.