படிவத்தில் வெற்றாக விட்ட இடம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கல்லூரி விண்ணப்பப் படிவத்துடன் நம்மிடம் வந்தார். பாடம் தவிர்த்த ஈடுபாடுகள் யாவை என்று கேட்ட பகுதி வெற்றாக இருந்தது. "நான் ஒன்றும் செய்யவில்லையே, ஹஜ்ரத்" என்றார். நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. மூன்றாண்டுகளாக நம் மக்தபில் சிறார்களுக்கு அலிஃப், பா சொல்லிக் கொடுப்பவர் அவர். ரமளானில் நோன்புக் கஞ்சி அண்டாவின் அருகே நிற்பவர். சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும் நாட்களில் நம் வாலிபர்கள் சாலையோரம் நீர்மோர் வழங்குகையில் குடம் சுமந்தவர்.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் இக்கேள்வி எழுவதில்லை. 2007 முதல் நுழைவுத் தேர்வும் இன்றி, கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசை அமைகிறது. ஆதலால் மதிப்பெண் ஒன்றே போதும் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் அரியானாவின் சோனிபட்டில் 2014-இல் தொடங்கப்பெற்ற அசோகா பல்கலைக்கழகம் போன்றவை கட்டுரை, நேர்காணல், பிற ஈடுபாடுகள் அனைத்தையும் நோக்குகின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் 'காமன் அப்ளிகேஷன்' படிவத்தில் 10 ஈடுபாடுகள் வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளுக்கே இடம். வாரத்திற்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பர். அப்படிவத்தின் வகைப் பட்டியலில் ஊதிய வேலையும் குடும்பப் பொறுப்பும் இடம்பெற்றிருப்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அத்தாவின் கடையில் கணக்கு எழுதியதும், நோயுற்ற பாட்டியைப் பராமரித்ததும் அங்கே எழுதத் தக்கவையே.

"நம் நற்செயலை நாமே சொல்வது முகஸ்துதி ஆகாதா?" என்று அம்மாணவர் வினவினார். நல்ல கேள்வி. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர், விவரம் அறிந்தவர் என்று தாமே மன்னரிடம் எடுத்துரைத்தார்கள். தேவைப்படும் இடத்தில் தன் தகுதியை உள்ளபடி கூறலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதனையே சான்று காட்டுவர். 'உள்ளபடி' என்பதுதான் இங்கே எல்லை. 2019-இல் அமெரிக்காவில் ஓர் ஊழல் வெளிப்பட்டது. செல்வந்தர் சிலர் பணம் கொடுத்து, விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டினர். பெற்றோர் சிலர் சிறை சென்றனர். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆயினும், கணினி மையத்தில் அமர்ந்து 'இளைஞர் தலைவர், சமூக சேவகர்' என்று நிரப்பச் சொல்லும் ஆசை நம்மவருக்கும் உண்டு. நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே அது உடைந்துவிடும்.

இருவரும் அமர்ந்து எழுதினோம்: மக்தப் உஸ்தாதுக்கு உதவி, சிறார்கள் 12 பேர், வாரம் 5 நாள், நாளுக்கு 1 மணி நேரம், 3 ஆண்டுகள். 'பொறுப்பாளர்' என்று சேர்க்கட்டுமா என்றார். உஸ்தாத் இருக்கையில் அது பொருந்தாது என்று அடிக்கச் சொன்னோம்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கஞ்சி விநியோகத்திற்கும் மக்தபுக்கும் உதவும் மாணவர்களின் நாள், நேரம் எழுத ஒரு பதிவேடு வையுங்கள். சான்று கேட்டால் அதைப் பார்த்தே கையொப்பமிடலாம். விண்ணப்பிக்கும் மாணவர்கள் வெள்ளி தவிர ஏனைய நாட்களில் இஷாவுக்குப் பின் நம்மைச் சந்திக்கலாம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.