உடலைவிடக் கண் பெரிது

குறைந்த செலவில் முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்க எண்ணுவோர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றே: கேமராவின் உடலைவிட, அதன் கண்ணாகிய லென்ஸே படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

டிஎஸ்எல்ஆர் என்பது, லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று மேல்நோக்கித் திருப்பிக் கண்ணுக்குக் காட்டுவதும், லென்ஸைக் கழற்றி மாற்ற இடமளிப்பதுமான கேமரா ஆகும். லென்ஸினுள் ஒளி நுழையும் துளைக்கு அப்பர்ச்சர் என்று பெயர். சன்னல் அகன்றிருந்தால் அந்தி நேரத்திலும் அறைக்குள் வெளிச்சம் கிடைப்பதுபோல, இத்துளை அகன்றிருந்தால், விளக்கொளி மட்டுமே உள்ள வீட்டிலும் ஓடியாடும் குழந்தையின் முகம் கலங்காமல் பதிகிறது. கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் ஜூம் லென்ஸில் இத்துளை சிறியது, எஃப் 1.8 என்று குறிக்கப்பட்ட 50 மில்லிமீட்டர் லென்ஸிலோ அது பெரியது, விலையும் குறைவு.

ஆகவே, புதிய உடலுக்கே பணம் முழுவதையும் செலவிடாமல், நன்கு பேணப்பட்ட பழைய உடலை வாங்கி, மிஞ்சும் தொகையில் நல்ல லென்ஸ் ஒன்றைச் சேர்ப்பதே அறிவுடைமை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸைத் தானாகச் சரிசெய்யும் மோட்டார் இல்லாமையால், மோட்டார் உள்ள லென்ஸையே தேர்ந்தெடுத்தல் வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கையால் திருப்பியே சரிசெய்ய நேரும்.

உடல் பழையதாகும், மாறும். நல்ல லென்ஸோ அதே வகைப் பொருத்துவாய் கொண்ட அடுத்த உடலிலும் தொடர்ந்து உழைக்கும். உடலைவிடக் கண்ணே பெரிது.