பெயரைக் கடன் வாங்கும் படங்கள்



படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் முன்பெல்லாம் "படம் எப்படி?" என்று கேட்போம். இப்போது கூடவே இன்னொரு கேள்வியும் வந்துவிடுகிறது: "இது நிஜமாவே நடந்ததாமே?" உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்ததாகச் சொல்லும் படங்கள் அடுத்தடுத்து வருகின்றன. "அப்படியே எடுத்திருக்காங்க" என்கிறார் ஒருவர். "பாதி கப்சா" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். எதை வைத்து அளப்பது என்று தீர்மானிக்காமலே இருவரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்த அளவுகோலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ளலாம். இரண்டரை மணி நேரத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல வேண்டியவர் சுருக்கித்தான் ஆக வேண்டும். மூன்று நண்பர்கள் ஒருவராவார்கள். பத்து வருடம் ஒரு பாட்டில் ஓடிவிடும். யாரும் குறித்து வைக்காத உரையாடலை எழுத வேண்டியிருக்கும். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தையே பாருங்கள். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கட்டபொம்மன் ஜாக்சன் துரையைச் சந்தித்தது வரலாறு. அந்தச் சந்திப்பில் சிவாஜி கணேசன் முழங்கும் பேச்சு, வசனகர்த்தா சக்தி கிருஷ்ணசாமியின் கைவண்ணம். பள்ளிக்கூட மேடைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை ஒப்பித்து வருகிறார்கள். ஆனால் வரித் தகராறும், அந்தச் சந்திப்பும், 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் படத்தில் மாறவில்லை. வசனத்தைக் கற்பனை செய்வது பிழையே இல்லை.

அப்படியானால் எங்கே பிழையாகிறது? யார் செய்தார், யார் பட்டார், யாருடைய உழைப்பு என்ற மூன்றில் எதில் கைவைத்தாலும் பிழையாகிறது என்பது என் கட்சி. அதிலும், உண்மை மனிதர்களின் பெயரை வைத்துக்கொண்டு இவற்றை மாற்றினால் பிழை இரட்டிப்பாகிறது.

2020-ல் சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' கேப்டன் கோபிநாத்தின் சுயசரிதையைத் தழுவியது. அவர் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக் கொரூர்க்காரர், தரைப்படையில் இருந்தவர், பட்டுப்புழு வளர்த்தவர், 2003-ல் ஏர் டெக்கான் விமானத்தைப் பறக்கவிட்டவர். படத்தின் நெடுமாறன் ராஜாங்கமோ சோழவந்தான்காரர், விமானப்படையில் இருந்தவர். ஊர், படை, வில்லன் எல்லாமே வேறு. மனைவி பேக்கரி நடத்தியது மட்டும் நிஜ வாழ்க்கையிலும் உண்டு. படம் பார்த்த கோபிநாத்தே, கற்பனை நிறையக் கலந்திருந்தாலும் தம் புத்தகத்தின் சாரத்தைப் பிடித்திருக்கிறது என்று பாராட்டினார். பின்னாளில் ஏர் டெக்கான் கிங்ஃபிஷரின் கைக்குப் போனதைப் படம் சொல்லவில்லை, வெற்றியோடு முடித்துக்கொள்கிறது. அதிலும் எனக்குக் குறையில்லை. பெயரை மாற்றிவிட்டதால் படம் யாருக்கும் கடன்படவில்லை.

2022-ல் மாதவன் நடித்து இயக்கிய 'ராக்கெட்ரி' நேர்மாறானது. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனின் பெயர் அப்படியே இருக்கிறது. 1994-ல் உளவு பார்த்ததாகக் கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. வழக்கில் ஆதாரமே இல்லை என்று 1996-ல் சி.பி.ஐ. சொன்னது; 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவர் பட்ட அவமானத்தைச் சொல்லும் பகுதியில் படம் உறுதியான நிலத்தில் நிற்கிறது. சிக்கல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. சாதனைகளைப் படம் ஒருவர் தோளிலேயே ஏற்றிவிட்டது என்று, திரவ எரிபொருள் மையத்தின் இயக்குநராக இருந்த முத்துநாயகம் உட்பட இஸ்ரோவின் மூத்த விஞ்ஞானிகள் சிலர் 2022 ஆகஸ்டில் வெளிப்படையாகவே மறுத்தார்கள். நம்பி நாராயணனே தம் கதையை ஒரு பேட்டியில் சொல்வதுபோலப் படம் அமைந்திருக்கிறது. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது மற்றவர்கள் சிறிதாகிவிடுவது இயல்பு. அதைச் சரிபார்த்து மற்றவர்க்கும் இடம் கொடுப்பது இயக்குநரின் வேலை. சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம் இந்த வேலையைப் பாதியில் விட்டிருக்கிறது.

இனி, அதிகம் பேசப்பட்ட 'ஜெய் பீம்'. த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பரில் வெளியானது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், முதனை கிராமத்து ராஜாகண்ணு 1993-ல் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த வழக்குதான் மூலம். காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆள்கொணர்வு மனு என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு சொல். அதன் கனம் என்ன என்பதை வக்கீல் அல்லாதவர்க்கும் புரியவைத்த தமிழ்ப் படம் இதைப்போல் வேறில்லை. லாக்கப் காட்சிகளில் மணிகண்டனும், நீதிமன்றத் தாழ்வாரத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் காத்திருக்கும் லிஜோமோல் ஜோஸும் நடித்த நடிப்பில் மிகை இல்லை.

ஆனால் இந்தப் படம் பாதிப் பெயர்களை வைத்துக்கொண்டு பாதியை மாற்றியது. வழக்கை நடத்திய வக்கீல் சந்துருவின் பெயர் இருக்கிறது. இறந்தவர் பெயர் இருக்கிறது. அவர் மனைவியின் பெயரும் குற்றம் செய்த அதிகாரியின் பெயரும் மாறின. உண்மையில் ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர். இருளர்கள் மீதும் பொய் வழக்குகள் போடப்படுவது உண்மைதான். அவர்கள் பக்கம் நாட்டின் கவனம் திரும்பியதும் நல்லதுதான். ஆனாலும் உயிரைப் பறிகொடுத்த சமூகத்தின் பெயர் திரையில் இல்லாமல் போயிற்று. அதிகாரியின் வீட்டில் தொங்கிய காலண்டரில் வன்னியர்களின் அடையாளமான அக்னி கலசம் தெரிந்ததும் வன்னியர் அமைப்புகள் கொதித்தன. காலண்டரில் இருந்த படம் மாற்றப்பட்டது; இயக்குநரும் வருத்தம் தெரிவித்தார். சுவரில் தொங்கும் ஒரு காலண்டர்கூட, உண்மைக் கதை என்று சொன்ன மாத்திரத்தில் சாட்சியாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. படத்தில் நீதி விறுவிறுவென்று வந்து சேர்கிறது. நிஜத்தில் 1993-ல் தொடங்கிய விவகாரத்தில், போலீசாரின் தண்டனை குறித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2006-ல்தான் வந்தது. நடுவில் பதின்மூன்று வருடம். ஊரில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் விடாமல் அலைந்த காலம் அது. அதைக் காட்டியிருந்தால் கதாநாயகனின் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கும். படத்தின் உயரம் கூடியிருக்கும்.

இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டிய படம் வெற்றிமாறனின் 'விசாரணை'. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர் போலீசிடம் தாம் பட்ட அடியை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். படத்தின் முதல் பாதி அதிலிருந்து வருகிறது. இரண்டாம் பாதி வெற்றிமாறனின் புனைவு. அந்தப் புனைவில் எந்த உண்மை மனிதரின் பெயரையும் அவர் இழுக்கவில்லை. அடிபட்டவரின் வலியை மாற்றவும் இல்லை.

படம் தொடங்கும்போது வரும் அறிவிப்புகளையும் பார்த்திருப்பீர்கள். "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்று ஒரு அட்டை. "பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே" என்று அடுத்த அட்டை. முதலாவது கூட்டத்தைக் கூப்பிட. இரண்டாவது வழக்கிலிருந்து தப்பிக்க. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் நம் தயாரிப்பாளர்களுக்கு வர வேண்டும். எதை மாற்றினோம் என்று கடைசியில் நாலு வரி போட்டால் படத்தின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

ரசிகர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. தேதி சரியா, சட்டையின் நிறம் சரியா என்று தேடிக் களைக்க வேண்டாம். செய்தவர் மாறினாரா, பட்டவர் மறைந்தாரா, உழைத்தவர் காணாமல் போனாரா என்று மட்டும் கேளுங்கள். படம் பிடித்திருந்தால் அதன் மூலப் புத்தகத்தையோ நீதிமன்றத் தீர்ப்பையோ ஒருமுறை படித்துப் பாருங்கள். நல்ல படத்தை அது கெடுக்காது. பொய்யான படத்தை நிச்சயம் காட்டிக்கொடுக்கும்.