சதுரங்கமும் கடிகாரமும்

வடநாட்டு நகரமொன்றில், தமிழ்ச் சங்கத்துக் கூடத்தில், ஞாயிறுதோறும் சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்பித்து வருகிறோம். சென்ற ஆண்டு எங்கள் மாணவன் ஒருவனை நகரப் போட்டிக்கு அழைத்துச் சென்றோம். அவனுக்கு வயது 12. இறுதிச் சுற்றில் அவனிடம் ஒரு யானை அதிகமாக இருந்தது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் நின்றது. ஆனால் அவன் கடிகாரத்தில் எஞ்சியிருந்தவை 20 வினாடிகளே. அவையும் கரைந்தன, அவன் தோற்றதாக நடுவர் அறிவித்தார். அழுகையை அடக்கிக்கொண்டு, “மாமா, நீங்கள்தானே நன்றாக யோசித்து ஆடச் சொன்னீர்கள்?” என்று கேட்டான். அன்று எங்களால் விடை கூற இயலவில்லை.

சதுரங்கம் நம் நாட்டிலே தோன்றிய தொன்மையான ஆட்டம். கடிகாரமோ அதனுடன் மிகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 1851இல் லண்டனில் நடைபெற்ற சர்வதேசப் போட்டியில் கால வரம்பே கிடையாது; சிலர் ஒரு காயை நகர்த்த எடுத்துக்கொண்ட நேரம் எதிராளியின் பொறுமையைச் சோதித்தது. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகைகள் வைக்கப்பட்டன. 2 மணி நேரத்தில் 24 நகர்த்தல்களை முடிக்க வேண்டும் என்பது விதி. 1883இல், மீண்டும் லண்டனில், ஒன்று ஓடும்போது மற்றொன்று நின்றுவிடும் இரட்டைக் கடிகாரம் வந்தது. அன்று முதல் காலமும் ஆட்டத்தின் ஓர் அங்கமாயிற்று.

2024இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியை நேயர்களில் பலர் கவனித்திருப்பர். முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடங்கள். அதாவது நகர்த்தலுக்குச் சராசரியாக 3 நிமிடங்கள். மூன்றாம் ஆட்டத்தில், சென்னையைச் சேர்ந்த குகேஷுக்கு எதிராக ஆடிய உலக சாம்பியன் டிங் லிரன், 37ஆம் நகர்த்தலோடு தம் நேரம் தீர்ந்து தோற்றார். பேரறிவாளரையும் கடிகாரம் விட்டுவைப்பதில்லை. 1929இல் கபாபிளாங்காவையே வென்ற ஜெர்மானியர் ஸேமிஷ், 1969இல் ஸ்வீடன் நாட்டுப் போட்டியொன்றில் தாம் ஆடிய 13 ஆட்டங்களையும் நேரம் கடந்தே இழந்தார். அறிவு குறைந்தா தோற்றார்? அன்று; முடிவெடுக்கும் துணிவு காலத்தோடு ஒத்து வரவில்லை.

இத்துன்பத்தைக் குறைக்கவே, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில வினாடிகளைக் கூட்டித்தரும் கடிகாரத்துக்கு பாபி பிஷர் 1989இல் காப்புரிமை பெற்றார். இன்று பல போட்டிகளில் அம்முறை வழங்குகிறது. ஆயினும் நெருக்கடி முற்றும் ஒழியவில்லை; ஏனெனில் அதன் வேர் கடிகாரத்தில் இல்லை. பத்து நாள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நாம், எட்டு நாளை ஒரே வீட்டில் கழித்துவிட்டு, எஞ்சிய இரண்டு நாளில் உறவினர் அனைவரையும் காண ஓடுகிறோமன்றோ? ஆட்டக்காரரும் அவ்வாறே தொடக்கத்தில் தாராளமாகச் செலவிட்டு, இறுதியில் வறியவராகிறார்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. நன்கு அறிந்த தொடக்க நகர்த்தல்களில் காலத்தைச் செலவிடலாகாது. எதிராளி சிந்திக்கும் நேரத்தில் நாம் எழுந்து உலவாமல், பொதுவான திட்டத்தை வகுக்க வேண்டும். நுட்பமான கணக்கை நம் முறை வரும்போது செய்யலாம். ஐந்து நகர்த்தல்களுக்கு ஒருமுறை, எஞ்சிய நேரத்தை ஆட்டக் குறிப்புத் தாளின் ஓரத்தில் எழுதிவருதல் நன்று. இரண்டு நகர்த்தல்கள் நெடுநேரம் ஆராய்ந்த பின்னும் சமமாகவே தோன்றினால், ஒன்றைத் தேர்ந்து ஆடிவிடுக. அங்கே மேலும் தயங்குவது சிந்தனையன்று, அச்சமே. எதிராளிக்கு நேரம் குறைந்துவிட்டதென்று நாமும் அவரோடு சேர்ந்து ஓடுதல் கூடாது. நம்மிடம் உள்ள நேரமே அப்போது நமக்குப் படை. காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்தவும் மறவாதிருக்க வேண்டும்.

சிறுவனின் கேள்விக்கு விடை பின்னரே எங்களுக்குப் புலப்பட்டது. அவனுக்கு அறிவுரையின் பாதியைத்தான் கொடுத்திருந்தோம். யோசி என்றோம், யோசித்தபின் முடிவு செய் என்று கூறவில்லை. பிழை எங்களுடையது. அதனை அவனிடமே ஒப்புக்கொண்டோம்.

இவ்வாண்டும் அவன் அப்போட்டியில் ஆடினான். இறுதிச் சுற்றில் தன்னினும் வல்லவரிடம் தோற்றான். ஆனால் அவனுடைய கடிகாரத்தில் அப்போது 11 நிமிடங்கள் எஞ்சியிருந்தன. குறிப்புத் தாளை நீட்டி, “எந்த இடத்தில் தவறினேன், மாமா?” என்று கேட்டான். அதன் ஓரத்தில், ஐந்து நகர்த்தல்களுக்கு ஒன்றாக, நிமிடங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இம்முறை அவனுடைய கேள்விக்கு எங்களால் விடை கூற முடிந்தது.